படிக்க வயது ஏது?

கஸ்தூரிபா 1869-இல் குஜராத்தில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். அக்காலத்தில் பெண்களைப் பள்ளிக்கு அனுப்புவது அரிது. அவரும் பள்ளிக்குப் போகவில்லை. சிறு வயதிலேயே காந்திக்கு மனைவி ஆனார்.

1913-இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்றார்கள். கஸ்தூரிபா எதிர்த்துப் போராடினார். மூன்று மாதம் கடுங்காவல் சிறையில் இருந்தார்.

1917-இல் பீகாரில் உள்ள சம்பாரண் பகுதிக்குப் போனார். பிதிஹர்வாவுக்கு அருகே ஒரு சிறு கிராமத்துப் பெண்களிடம் சுத்தம் பற்றிப் பேசினார். சேலையைத் துவைத்துக் கட்டக் கூடாதா என்று கேட்டார். ஒரு பெண் அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துப் போனாள். அங்கே மாற்றுச் சேலை இல்லை. உடுத்தியிருந்த ஒரே சேலைதான் இருந்தது. அழுக்குக்குக் காரணம் சோம்பல் அல்ல, வறுமை.

1942-இல் கஸ்தூரிபா மீண்டும் கைதானார். புனேயில் ஆகாகான் மாளிகையில் காவலில் வைத்தார்கள். அங்கே காந்தி அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 70 வயதைத் தாண்டிய பிறகும் கஸ்தூரிபா ஆசையோடு படித்தார். 1944 பிப்ரவரி 22 அன்று காவலிலேயே காலமானார்.

கலந்து பேசுவோம்:
1. கஸ்தூரிபா ஏன் சிறை சென்றார்?
2. அந்தப் பெண் ஏன் சேலையைத் துவைக்கவில்லை?
3. நம் ஊரில் படிக்காத பெரியவர்களை எப்படிப் படிக்க அழைக்கலாம்?