சுவடும் தடமும்

கிள்ளான் ஆற்றங்கரைச் சேற்றில் பிராணிகள் விட்டுச்சென்ற அடையாளங்களை என் மகள் காட்டிப் பெயர் கேட்கிறாள். தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டா?
– ஒரு வாசகி, கிள்ளான்

தாராளமாக உண்டு, அம்மணி. பதிந்த காலின் அச்சு சுவடு. சுவடுகள் தொடர்ந்து வழியாக நீண்டால் தடம். நீர் வற்றும் வேளையில் அந்த ஆற்றங்கரையில், ஐந்து விரல்களின் நகக்குறிகளும், இருபுறச் சுவடுகளுக்கு நடுவே வால் இழுபட்ட வளைகோடும் தென்படுமாயின், மலாய்க்காரர் பியாவாக் என்னும் நீருடும்பு சஞ்சரித்த தடம் அதுவென்று பெரும்பாலும் சொல்லலாம். பறவையின் கழிவு எச்சம், ஆட்டினது பிழுக்கை, மாட்டினது சாணம், யானையினது இலத்தி. பாம்பு உரித்துப் போட்டதோ சட்டை. இவற்றைக் கண்ட இடத்திலேயே பெயர் சொல்லிக் காட்டுங்கள். பிரத்தியட்சமாகக் கற்ற சொல் குழந்தைக்கு ஆயுள் பரியந்தம் மறவாது.