தாள்மேல் தாள்

மெல்லிய தாளொன்றில் உங்கள் ஊர்க் கிணறுகளைக் குறியுங்கள். அதே அளவுள்ள மற்றொன்றில் சாக்கடைகளை. இரண்டையும் பொருத்தி வெளிச்சத்தில் பிடித்தால், எந்தக் கிணற்றுக்கு ஆபத்து என்பது புலப்படும். புவியியல் தகவல் முறை இதுவே. தாளுக்குப் பதில் கணிப்பொறி. 1960-களில் கனடாவின் நிலவளத்தைக் கணக்கிட ரோஜர் டாம்லின்சன் இதை உருவாக்கினார்.

கருத்து என்னவோ பழையது. 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா. கெட்ட காற்றே காரணம் என்றனர் பலர். டாக்டர் ஜான் ஸ்நோ இறந்தோரின் முகவரிகளை ஆராய்ந்தார். பெரும்பாலோர் பிராட் தெருப் பம்பின் அருகே வசித்தவர்கள்! செப்டம்பர் 8-இல் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. (நோய் அதற்குள் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) பின்னர், இறப்புகளையும் பம்புகளையும் ஒரே படத்தில் குறித்தார்.

அத்தெருப் பீர் ஆலையில் 70-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள். ஒருவரையும் காலரா கடுமையாகத் தாக்கவில்லை. ஏன் தெரியுமா? அவர்கள் குடித்தது பீர். தண்ணீருக்கும் ஆலையிலேயே தனிக் கிணறு இருந்தது.