கராஜுக்குக் காப்புப் போடுமுன் ஈரத்தைப் பாருங்கள்

ஒக்ரோபர் பாதி போய்விட்டது. ஸ்காபுறோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் வீட்டோடு ஒட்டிய கராஜ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. வெடிப்பு அடைக்கும் சீலன்ற் வகைகளில் பல 5 பாகை செல்சியசுக்குக் கீழே ஒழுங்காக ஒட்டாது. இந்தக் கிழமையே தொடங்குங்கள்.

போன பங்குனியில் ஒரு கராஜின் சுவரைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று குளிர்காலத்துக்கு முன் வீட்டுக்காரரே காப்புப் பஞ்சு வைத்து, பொலித்தீன் அடித்து, ஜிப்சம் பலகை பூட்டியிருந்தார். வெளிப்பார்வைக்குக் குறையில்லாத வேலை. உள்ளே பஞ்சு நனைந்து சரிந்து கிடந்தது. பலகையின் பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். அடிச் சட்டத்தை விரலால் அமத்தினேன், மரம் உதிர்ந்தது. வெளியே பீலித் தண்ணீர் அதே சுவரடியில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. ஈரச் சுவரை ஈரத்தோடேயே மூடிவிட்டார். செலவழித்த காசு முழுவதும் குப்பைத் தொட்டிக்குப் போனது.

ஈரத்தை உள்ளே வைத்து மூடாதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள்.

முதலில் வெளிவேலை. பீலியில் இலை அள்ளுங்கள். இறங்கு குழாயை நீட்டி, தண்ணீரைச் சுவரிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி விடுங்கள். கதவின் அடி ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். குழாயும் வயரும் சுவரைத் துளைக்கும் இடங்களை அடையுங்கள். வீட்டுக்குள் போகும் கதவு தானாகச் சாத்தி இறுக்கமாகப் பூட்டுகிறதா என்று பாருங்கள். கார்ப்புகை வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தக் கதவுதான்.

அடுத்தது தரை. இரண்டு அடிச் சதுரப் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ரேப்பால் கொங்கிறீற்றில் ஒட்டி, மூன்று நாள் விடுங்கள். பிரிக்கும்போது அடியில் துளி நின்றாலோ, கொங்கிறீற் கறுத்திருந்தாலோ நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது. அதைத் தீர்க்காமல் சுவரில் கை வைக்க வேண்டாம். ஈரமானி இரவல் கிடைத்தால் சட்டங்களில் குத்திப் பாருங்கள், 19 வீதத்துக்கு மேல் காட்டும் மரத்தை மூடக்கூடாது. “கிழமை முடிவில்தான் நேரம் கிடைக்கும், மெல்லக் காயும்தானே” என்று என்னிடம் சொல்லாதீர்கள். பொலித்தீனுக்குப் பின்னால் எதுவும் இலேசில் காயாது.

சுவருக்குள் ஈரம் சேரும் காரணம் இதுதான். 20 பாகைக் காற்று ஒரு கனமீற்றருக்கு 17 கிராம் அளவு நீராவியைத் தாங்கும். வெளியே மைனஸ் 10 ஆகும்போது அந்தக் குளிரில் தாங்குவது 2 கிராமுக்குச் சற்று மேல். சூடான காற்று சுவருக்குள் கசிந்து குளிர்ந்த பலகையைத் தொட்டதும் மிச்சமெல்லாம் தண்ணீராகிறது. ஆகவே சூடேற்றும் கராஜில் 6 மில் பொலித்தீனைப் பஞ்சுக்கு உட்பக்கம், அதாவது சூடான பக்கம், அடியுங்கள். ஒன்று போதும். இரண்டு பக்கமும் அடித்தால் சிக்கிய ஈரத்துக்கு வெளியேற வழியே இல்லை. திரும்பவும் சொல்கிறேன்: ஒரு பக்கம் மட்டும்.

காசு குறைவென்றால் வெடிப்பு அடைப்பு முதலில், கூரை அடுத்து, கதவு, சுவர் பிறகு. இரண்டுக்கு நாலு சட்டத்துக்கு ஆர்-14 பாறைக் கம்பளிப் பஞ்சு பொருந்தும். அமத்தித் திணித்தால் காப்புக் குறையும். கூரையோரக் காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள். நுரைப்பலகை மலிவு, ஆனால் தீப்பிடிக்கும். ஜிப்சம் பலகையால் மூடுங்கள். ஜிப்சத்தின் அடி விளிம்பு தரையைத் தொடவேண்டாம், அரை அங்குலம் தூக்கிப் பூட்டுங்கள். கதவில் பலகை ஒட்டினால் பாரம் கூடும். மேலுள்ள ஸ்பிறிங்கை நீங்கள் முடுக்காதீர்கள், ஆள் பிடியுங்கள். 1990க்கு முந்திய வீட்டின் கூரையில் பளபளக்கும் சிறுகல் போன்ற வெர்மிகுலைற் இருந்தால் தொடவே வேண்டாம், அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கக்கூடும்.

இனி சமையல். வீட்டுக்குள் மணம் ஏறக்கூடாதென்று கராஜில் காஸ் அடுப்பு வைத்து மீன் பொரிக்கிறோம். இறுக்கி மூடிய கராஜில் அப்படிப் பொரிப்பதை நிறுத்துங்கள். ஒரு கிலோ புறொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். புகைபோக்கி இல்லாத புறொப்பேன் ஹீற்றரும் அப்படியே. காபன் மொனொக்சைட்டோ மணமில்லாமல் ஆளையே கொல்லும். சொன்னால் சிரிக்கிறார்கள், எனக்குக் கோபம்தான் வருகிறது.

காரோடு வரும் பனி உருகித் தேங்கினால் அன்றன்றே வெளியே தள்ளுங்கள். ஈரப்பதமானி ஒன்றை மாட்டி, 50 வீதம் தாண்டினால் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து விடுங்கள். கராஜில் வைக்கும் அரிசி மூட்டைகளைச் சுவரில் சாத்தாமல் பலகைமேல் அடுக்குங்கள்.

இந்தச் சனிக்கிழமை பஞ்சு வாங்கப் போகாதீர்கள். பொலித்தீன் துண்டைத் தரையில் ஒட்டிவிட்டு, செவ்வாய் மாலை பிரித்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் கடைக்குப் போகலாம்.