வெறுங்கால் வீரர்

களத்தில் ஒருநாள் எய்தும் வெற்றி பல்லாண்டு உழைப்பின் விளைவாகும். வென்ற நாளை உலகம் போற்றும். அதற்குமுன் வியர்வை சிந்திய நாள்களை எளிதில் மறந்துவிடும். இந்நாளில் கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரின் மோகன் பகான் கால்பந்துக் கழகத்தின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

கால்பந்தாட்டத்திற்கு 1863-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் விதிகள் வகுக்கப்பெற்றன. ஆங்கிலேயப் படைவீரரும் வணிகரும் அவ்வாட்டத்தை நம் நாட்டிற்குக் கொணர்ந்தனர். அதனைக் கண்ட வங்க இளைஞர் தாமும் பயின்றனர். 1889-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் அவர்கள் வட கல்கத்தாவில் ஒரு கழகம் நிறுவினர். அதற்கு மோகன் பகான் என்னும் மாளிகையின் பெயரே அமைந்தது. பகான் என்பது தோட்டம் எனப் பொருள்படும் வங்கச் சொல்.

தொடக்கத்தில் அக்கழகத்திற்குப் பெருமை ஏதும் இல்லை. பின்னர்ச் செயலாளராய் அமைந்த சைலேன் பாசு என்பார் படையில் பணியாற்றியவர். ஆட்டக்காரருக்கு உடற்பயிற்சியையும் ஒழுங்கையும் அவர் கட்டாயமாக்கினார். பயன் விரைவில் விளைந்தது. 1906 முதல் 1908 வரை மூன்றாண்டும் தொடர்ந்து அக்கழகம் டிரேட்ஸ் கோப்பையை வென்றது. எனினும், 1893-இல் தொடங்கிய ஐ.எஃப்.ஏ. கேடயம் எட்டாக் கனியாகவே இருந்தது. அதனை ஆங்கிலேயர் குழுக்களே வென்று வந்தன.

1911-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் அக்கேடயத்தின் இறுதிப் போட்டி நடைபெற்றது. எதிர்த்து நின்றது கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு. படைவீரர் அனைவரும் தடித்த காலணி பூண்டிருந்தனர். மோகன் பகான் வீரர் பதினொருவருள் சுதீர் சட்டர்ஜி ஒருவரே காலணி அணிந்தவர். ஏனைய பதின்மரும் வெறுங்காலினர். முதற்கோல் படைவீரருக்கே கிடைத்தது. ஆயினும் வங்க வீரர் மனந்தளரவில்லை. தலைவர் சிவதாஸ் பாதுரி ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். ஐ.எஃப்.ஏ. கேடயம் முதன்முறையாக இந்தியர் கைக்கு வந்தது. வங்கப் பிரிவினையால் புண்பட்டிருந்த மக்கள், ஆள்வோரை நேர்மையான ஆட்டத்தில் வெல்லவும் இயலும் என்று கண்டு நெஞ்சு நிமிர்ந்தனர்.

ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. மறுமுறை அக்கேடயத்தை வெல்ல அக்கழகம் 1947 வரை காத்திருந்தது. கல்கத்தா லீக் போட்டியிலும் 1939-இல்தான் முதலிடம் பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் தோல்விகள் பல நேர்ந்தன. எனினும் கழகம் கலையவில்லை. பழையவர் விலகப் புதியவர் வந்தனர், பயிற்சி நிற்கவில்லை. அதன் நூற்றாண்டு நிறைவையொட்டி 1989-இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

மேற்கு மலையடிவாரத்து மகாராஜபுரம் போன்ற சிற்றூர்களிலும், வறண்ட கண்மாய்ப் பரப்பில் வெறுங்காலுடன் பந்து உதைக்கும் சிறுவரைக் காணலாம். காலணி இன்மை அவர்களுக்குக் குறையன்று. பயிற்சி இன்மையே குறை. முயற்சியை இடையில் விடுதல் அதனினும் பெருங்குறை. வென்ற ஒரு நாளைக் காட்டிலும், தோற்றும் கலையாது நின்ற ஆண்டுகளே மோகன் பகானின் உண்மைப் பெருமை என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.