நான்காமவர்

மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் உண்டு என்கிறது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றும் அனைவருக்கும் நினைவில் இருக்கும். நான்காவது கூறாகிய, நோயாளியின் அருகிலிருந்து துணைசெய்பவரைப் பலர் மறந்துவிடுகின்றனர். பெரிய மருத்துவமனைகள் தொலைவில் இருக்கும் மலைத்தோட்டங்களிலோ, இந்த நான்காமவரே நோயாளியிடம் முதலில் வந்து சேர்கிறார்.

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அத்தோட்டத்தில் பாடுபட்டவர்களுள் தமிழர் பலர். அக்காலத்தில் மலாயாத் தோட்டங்களில் காயத்திற்குக் கட்டுப்போட்டவரும் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவரும் ‘டிரெசர்’ என அழைக்கப்பட்டார். பின்னர் இப்பணி முறைப்படுத்தப்பட்டது. தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கு 1965-இலும், மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கு 1977-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இன்று அரசாங்க மருத்துவமனைகளில் இவர்களை ‘உதவி மருத்துவ அதிகாரி’ என்கிறோம். இப்பணிக்கு மூன்றாண்டு டிப்ளோமா கல்வி தேவை. 999 என்ற எண்ணை அழைத்தால் வரும் மருத்துவமனை ஆம்புலன்சிலும், அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகைப்படுத்தும் இடத்திலும் இவர்களைக் காணலாம்.

அமெரிக்காவிலும் இத்தகைய பணி ஒன்று உண்டு. மருத்துவர் பற்றாக்குறையைக் கண்ட டாக்டர் யூஜின் ஸ்டெட், 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ‘பிசிஷியன் அசிஸ்டெண்ட்’ என்னும் படிப்பைத் தொடங்கினார். கடற்படையில் மருத்துவப் பணியாற்றிய அனுபவம் உடையவர்களே அதன் முதல் மாணவர்கள். இன்று அங்கு இப்படிப்பை முடித்தவர்கள் விரும்பினால், தீவிரச் சிகிச்சைத் துறையில் ஏறக்குறைய ஓராண்டு உறைவிடப் பயிற்சி பெறலாம். இதயம், மூளை, அறுவைச் சிகிச்சை முதலிய பிரிவுகளில் மாறிமாறிப் பணியாற்றி, மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் அவர்கள் கற்கின்றனர். நம் நாட்டிலும் உதவி மருத்துவ அதிகாரிகள் டிப்ளோமா முடித்த பிறகு, அவசர, விபத்துச் சிகிச்சை போன்ற துறைகளில் ‘போஸ் பேசிக்’ எனப்படும் மேற்பயிற்சியைப் பெறுகின்றனர்.

மூன்றாண்டுக் கல்விக்குப் பின்னும் மேற்பயிற்சி எதற்கு? ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கொழுந்து பறிக்கும் ஒருவரைக் குளவிகள் கொட்டிவிட்டன எனக் கொள்வோம். அவருடைய முகம் வீங்குகிறது, மூச்சுத் திணறுகிறது, இரத்த அழுத்தம் சரிகிறது. இது கடுமையான ஒவ்வாமை. தொடைத் தசையில் அட்ரினலின் ஊசியை உடனே போட வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு ஆபத்து. ஊசி போட்டதும் நோயாளி தேறியது போலத் தோன்றலாம். ஆயினும், சில மணி நேரத்திற்குப் பின் அதே அறிகுறிகள் மீண்டும் வரக்கூடும். ஆகவே, அவரை வீட்டிற்கு அனுப்பிவிடாமல் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும்.

தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை உள்ளது. அங்கிருந்து ஈப்போ போன்ற நகரத்தின் பெரிய மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டுசெல்ல நேர்ந்தால், வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் பயணம் செய்ய வேண்டும். அப்போது ஆம்புலன்ஸ் ஒரு சிறிய தீவிரச் சிகிச்சைப் பிரிவாகவே மாறிவிடுகிறது. ஆம்புலன்சில் சுமார் 680 லிட்டர் உயிர்வளி கொள்ளும் உருளை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நோயாளிக்கு நிமிடத்திற்கு 10 லிட்டர் தேவைப்பட்டால், அது 68 நிமிடங்களில் தீர்ந்துவிடும். பயணமோ 90 நிமிடம் என்றால், பாதி வழியைத் தாண்டிய பிறகு என்ன செய்வது? மழைக்காலத்தில் மண்சரிவினால் சாலை அடைபட்டால் 90 நிமிடமும் போதாது. புறப்படுவதற்கு முன்பே இக்கணக்கைப் போட்டு, கூடுதல் உருளையை ஏற்றிக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துதல், செயற்கைச் சுவாசக் கருவியை இயக்குதல், சரியும் இரத்த அழுத்தத்தைச் சீராக்குதல் முதலியவற்றைத் தீவிரச் சிகிச்சைப் பயிற்சி கற்றுத்தருகிறது. இத்திறன்கள் நூலறிவால் மட்டும் வருவதில்லை. சித்திரமும் கைப்பழக்கம் அல்லவா? இவற்றோடு தன் எல்லையை அறிவதும் முக்கியப் பாடமாகும். ‘இந்நோயாளியின் நிலை மோசமாகிறது, நிபுணரை உடனே அழைக்க வேண்டும்’ என்று காலம் தாழ்த்தாமல் உணர்பவரே தேர்ந்த உதவி மருத்துவ அதிகாரி.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் நம் முன்னோர். மலையில் விபத்து எப்போது நேரும் என்று யாராலும் சொல்ல இயலாது. ஆனால், அதை எதிர்கொள்ளும் ஒருவரை முன்கூட்டியே உருவாக்க முடியும். நகரத்தில் வாழ்பவருக்கு நிபுணர் அருகில் இருக்கிறார். தேயிலைத் தோட்டத்தில் வாழ்பவருக்கோ, அந்த நிபுணரைச் சென்றடையும் வரை உயிரைக் காப்பவர் நான்காமவரே. மாணவர்களே, எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் எத்துறையைத் தேர்ந்தெடுக்கலாம் எனச் சிந்திக்கும்போது இப்பணியையும் எண்ணிப் பாருங்கள். தோட்டத்து மக்களின் மொழியும் வாழ்வும் அறிந்த ஒருவர் அவ்விடத்தில் இருந்தால், வலியால் துடிக்கும் நோயாளி தன் துன்பத்தைத் தாய்மொழியிலேயே சொல்ல முடியும். அதைக் கேட்டுப் புரிந்துகொள்வதிலிருந்துதான் சிகிச்சை தொடங்குகிறது.