கார்டு செத்துடுச்சுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி

வெள்ளகோவில்ல ஒரு எடை மேடை. வாசல்ல மூணு பஞ்சு லாரி நிக்குது. எடைக் கருவியை இணைக்கிற சீரியல் போர்ட் கார்டைக் கம்ப்யூட்டர் கண்டுக்கவே இல்லை. "புதுசு வாங்கிரலாமா கண்ணு?"ன்னார் மாமா.

உங்களுக்கு இப்படி வந்தா முதல்ல டிவைஸ் மேனேஜரைப் பாருங்க. மஞ்சள் முக்கோணம் இருந்தா பெரும்பாலும் டிரைவர் பிரச்சினை. எதுவுமே இல்லைன்னா டிரைவரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பிரயோஜனமில்லை, கார்டே போர்டோட பேசல. (லினக்ஸ்காரங்க எல்எஸ்பிசிஐ கட்டளை போடுங்க, டிரைவர் இல்லாட்டியும் காட்டும்.)

ஷட் டவுன் மட்டும் பத்தாது, பிளக்கையும் பிடுங்குங்க. ஸ்டேண்ட்பை கரண்ட் ஸ்லாட்டுக்கு வந்துட்டேதான் இருக்கும். கேபினெட்டோட இரும்பைத் தொட்டுட்டுக் கார்டை உருவுங்க. நம்ம ஊர்ல ஸ்லாட்டுக்குள்ள தேட வேண்டியது பஞ்சுத் தூசியைத்தான். எக்ஸ்1 கார்டுல பக்கத்துக்கு 18 தொடுமுனைதான், ஒண்ணு ரெண்டு மூடினாலே கதை முடிஞ்சது. வாயால ஊதாதீங்க, எச்சில் படும். மெல்லிய பிரஷ் போதும்.

அங்க ஒரு சிட்டிகை பஞ்சு வந்துச்சு. அப்பவும் தெரியல. பக்கத்து ஸ்லாட்டுக்கு மாத்தினதும் கார்டு வந்துடுச்சு, ஆனா எடை சைபர். ஸ்லாட் மாறினதுல காம் 3, காம் 5 ஆயிருந்தது. சாஃப்ட்வேர்ல அந்த எண்ணை மாத்தினதும் முதல் லாரி மேடையேறிச்சு.