அரசன் வாயில் அந்தச் சொல்

அன்புள்ள தங்கைக்கு,

உன் மொழிபெயர்ப்பைப் படித்தேன். நடை நன்றாக ஓடுகிறது. ஓரிடத்தில்தான் நின்றுவிட்டேன். ஆர்தர் கானன் டாயிலின் 1891ஆம் ஆண்டுக் கதையில், பொஹீமியா அரசன் ஹோம்ஸிடம் ஐரீன் ஆட்லரை 'அட்வெஞ்சரஸ்' என்கிறான். நீ 'வீராங்கனை' என்று போட்டிருக்கிறாய். அவள்மேல் உனக்கிருக்கும் பிரியம் புரிகிறது. ஆனால் அவன் அவளைப் புகழவில்லையே, வைகிறான்.

அதன் ஆண்பாலான 'அட்வெஞ்சரர்' ஆங்கிலத்தில் முதலைப் பணயம் வைத்துக் கடல்கடந்து வாணிகம் செய்தவன். லண்டன் துணி வணிகர்கள் அந்தப் பெயரிலேயே சங்கம் வைத்து, 1407இல் அரச சாசனம் பெற்றார்கள். எத்தன் என்ற பொருளும் ஆணுக்கு உண்டுதான்; நல்ல பொருளும் கூடவே பிழைத்துக் கிடந்தது. பெண்பால் விகுதி ஒட்டியதும், பணக்கார ஆண்களை வளைத்துப்போட்டு அந்தஸ்து தேடுபவள் என்பதே முன்னுக்கு வந்துவிட்டது. லோலா மாண்டெஸ் அயர்லாந்தில் பிறந்து, ஸ்பானிய நாட்டியக்காரி என்று சொல்லிக்கொண்டு ஆடி, பவேரிய அரசன் முதலாம் லுட்விக்கிடம் 1847இல் சீமாட்டிப் பட்டம் வாங்கியவள். அவளுக்கு ஊரார் சூட்டியதும் இந்தப் பெயரைத்தான். பட்டம் கொடுத்தவனுக்கு அப்படி ஒரு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

தமிழில் இதற்கு அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: சாகசக்காரி. சாகசக்காரன் மலை ஏறுவான், கடல் தாண்டுவான். சாகசக்காரியோ, 'என் பிள்ளையை மயக்கிவிட்டாள்' என்று மாமியார் வைகிற வேளையில்தான் வருவாள். ஒரு பெண்ணிடம் 'சாகசம் பண்ணாதே' என்றால் அது எவரெஸ்டைப் பற்றிய பேச்சில்லை. ஆகவே அரசன் வாயில் தயங்காமல் அதையே போடு. சொல்கிறவன் யார் என்று வாசகர் பார்க்கட்டும்: அவளோடு பழகிவிட்டு இன்னொருத்தியை மணக்கப்போகிறவன், அவள் வீட்டைத் துழாவக் கூலிக்குத் திருடர்களை அனுப்பியவன். நீ சொல்லை மெழுகிவிட்டால் அவன் யோக்கியனாகிவிடுவான்.

உன் முன்னுரையில் மட்டும் அது வேண்டாம். அங்கே 'பாடகி' என்று எழுது. வார்சா ஓபராவின் முதன்மைப் பாடகியாக இருந்தவள் என்று கதையே சொல்கிறது.

அடுத்து இசபெல்லா பேர்டின் பயணநூலை எடுக்கப்போவதாகச் சொன்னாய். ராக்கி மலைகளில் குதிரைமேல் திரிந்தவர். லண்டன் ராயல் புவியியல் சங்கம் 1892இல் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதல் பெண்களில் ஒருவர். அவருக்குச் சாகசக்காரி ஆகவே ஆகாது. வீராங்கனையும் எனக்கு உவப்பில்லை. அது விளையாட்டுப் பக்கத்தில் குடியேறிவிட்ட சொல். (முதலெழுத்து பிசகி 'வாராங்கனை' என்று அச்சாகிவிட்டால் விலைமகள் என்று பொருள். மெய்ப்புப் பார்ப்பவர்களைக் கேள்!) 'பயணி' என்று எழுது, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பேருந்தில் போகிறவரும் பயணிதானே என்பாய். இருக்கட்டும், அடுத்த வரியில் குதிரை வந்துவிடும்.

அரசன் வரும் காட்சியை மட்டும் திருத்தி அனுப்பு. மற்றதில் கை வைக்காதே.

அன்புடன்,
அக்கா